"கவனமா நில்லுங்கோ" எண்டு சொன்னா அம்மா கூட ஆடுறா. ஏன்?

வெள்ளவத்தை மகள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு எழுபது வயது. கணக்கு டீச்சரா இருந்து ஓய்வெடுத்தவ. போன வருசம் மழை நேரம் மாடிப்படியில சறுக்கி விழுந்தவ. எலும்பு ஒண்டும் உடையேல்லை. பிறகு காது, சுகர், பிறசர், கண் எல்லாம் காட்டினாங்கள். ஒண்டிலும் பெரிசாக் குறை இல்லை, கால் பலமும் வயதுக்கு நல்லம் எண்டுதான் டொக்டர் சொன்னவர்.

ஆனா விழுந்த பிறகு அவ நிக்கிற விதமே மாறிப்போச்சு. குசினியில, லிஃப்ற்றுக்கு முன்னால, பஸ் ஹோல்ற்றில, எங்க நிண்டாலும் குனிஞ்சு தன்ர காலையே பார்க்கிறா. முழங்காலை இறுக்கி, கால்விரலை மடக்கி நிலத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. "நேரா நில், நேரா நில்" எண்டு வாய்க்குள்ள சொல்லுறதும் எனக்குக் கேக்கும். அப்படிச் சொல்லச் சொல்லத்தான் ஆட்டம் கூடுது. காலி வீதியில 101 பஸ்ஸுக்கு நிக்கேக்க என்ர கையை விடவே மாட்டா.

எனக்கு விளங்காதது இதுதான். வெள்ளிக்கிழமையில பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குப் போவம். தீபாராதனை நேரம் ரெண்டு கையையும் கூப்பிக்கொண்டு, ஒருத்தரையும் பிடிக்காமல், பூசை முடியும் வரைக்கும் நிக்கிறா. சனம் நெருக்கினாலும் சமாளிக்கிறா. கற்பூரம் இறங்கி, வெளியில செருப்புப் போடுற இடத்துக்கு வந்த உடன திரும்பக் காலைப் பார்க்கத் தொடங்கிடுவா.

இதுக்குள்ள ஆளாளுக்கு ஒண்டு சொல்லினம். கிளினிக்கில தந்த பயிற்சித் தாளில "உடலில் கவனம் செலுத்தி அசையாமல் நிற்கவும்" எண்டு இருக்கு. யோகா மிஸ் "பாதத்தை உணருங்கோ" எண்டுறா. கனடாவில இருக்கிற மச்சான், "மாமியை நிண்டுகொண்டு நூறில இருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொல்லு, கவனம் வேற பக்கம் போனா ஆட்டம் நிண்டுடும்" எண்டுறான். கவனம் வைக்கச் சொல்லுறதா, கவனத்தைத் திருப்பச் சொல்லுறதா? அனுபவம் உள்ளவை சொல்லுங்கோ.

சலங்கை டீச்சரின் பதில்:

தங்கச்சி, நான் டொக்டர் இல்லை, பரதநாட்டியம் படிப்பிக்கிறனான். பிள்ளையளை ஒற்றைக் காலில நடராஜர் நிலையில நிப்பாட்டேக்க நீங்க சொல்லுற அதே காட்சியைத்தான் பார்க்கிறனான். குனிஞ்சு காலைப் பார்க்கிற பிள்ளைதான் முதல்ல காலை ஊண்டும். சுவரில தன்ர கண் மட்டத்துக்கு ஒரு இடத்தைப் பிடிச்சு அதையே பார்க்கிற பிள்ளை நிக்கும். அதனால எங்கட வகுப்பில முதல் ஒரு இடத்தைக் கண்ணால பிடிச்சிட்டுத்தான் கால் தூக்கலாம்.

ஆனா உங்கட மச்சான் சொல்லுற மாதிரி உடம்பை மறந்தாச் சரி எண்டு நான் சொல்ல மாட்டன். அரைமண்டியில, அதாவது முழங்காலை மடக்கிப் பாதி இருந்து நிக்கேக்க, முழங்கால் எங்க போகுது, பாரம் பெருவிரல் பக்கமா குதிப் பக்கமா எண்டு பிள்ளைக்கே தெரியாட்டி நான் எவ்வளவு தட்டினாலும் திருந்தாது. உடம்பை அறியிறதும் வேணும், காலையே பார்த்துக்கொண்டு நிக்கவும் கூடாது. இது ரெண்டும் எப்படிப் பொருந்துது எண்டு எனக்குக் கைப்பழக்கமாத் தெரியும், விளக்கத் தெரிஞ்சவை வந்து சொல்லட்டும்.

கொட்டாஞ்சேனை பிசியோ அக்காவின் பதில்:

பிள்ளை, நான் கன காலமா வயது போன ஆக்களோட வேலை செய்யிற பிசியோதெரபிஸ்ட். அம்மாவைப் பார்க்காமல் அவவுக்கு இதுதான் எண்டு சொல்ல ஏலாது. ஆனா நீங்க எழுதினதை நான் கிழமைக்கு ஒருக்காவாவது கேக்கிறனான். கோயிலில நிக்கிறவ பஸ் ஹோல்ற்றில ஆடுறா எண்டா, காலிலயும் காதிலயும் மட்டும் காரணம் தேடினாக் கிடைக்காது.

முதல்ல, அசையாமல் நிக்கிறது எண்டு ஒண்டு மனிசருக்கு இல்லை. விளக்குமாத்தை உள்ளங்கையில நிமித்தி வச்சுப் பாருங்கோ. கை ஓயாமல் அங்கயும் இங்கயும் போனால்தான் அது விழாமல் நிக்கும். எங்கட உடம்பும் கணுக்காலுக்கு மேல அப்படித்தான் நிக்குது. உடம்பின்ர பாரம் கணுக்காலுக்குக் கொஞ்சம் முன்னால விழுறதால, கெண்டைத் தசை விட்டு விட்டு இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல சுகமா இருக்கிற இருபது வயதுப் பொடியனைக் கருவியில ஏத்தி அளந்தாலும் இந்தச் சின்ன ஆட்டம் தெரியும். ஆகவே "அசையாமல் நிற்கவும்" எண்டு தாளில எழுதிக் குடுக்கிறதை நான் விரும்பிறதில்லை. நடக்காத ஒண்டைக் கேட்டா, அம்மா மாதிரிப் பொறுப்பான ஆள் அதை நடத்திக் காட்டத்தான் பார்ப்பா.

இந்த ஆட்டத்தைத் திருத்திறதுக்கு மூண்டு இடத்தில இருந்து செய்தி வருது: கண், உட்காது, பிறகு பாதத் தோலும் தசையும் மூட்டும். அதைச் சேர்த்துப் பார்த்துத் தசைக்குச் சொல்லுறது கூடுதலா முண்ணாணும் (முதுகெலும்புக்குள்ள ஓடுற நரம்புத் தண்டு) மூளைத்தண்டும் சிறுமூளையும். நாங்கள் யோசிச்சு முடிக்க முதலே அந்த வேலை முடிஞ்சிருக்கும். யோசிச்சுப் போடுற உத்தரவு பிந்தித்தான் வரும், முரடாவும் இருக்கும். அம்மா "நேரா நில்" எண்டு தனக்குச் சொல்லேக்க நடக்கிறது என்ன? முன்தசையும் பின்தசையும் ஒரே நேரம் இறுகுது, முழங்கால் பூட்டுப்படுது, விரல் மடங்குது. விரல் மடங்கினாப் பாதம் நிலத்தில படுற பரப்பும் குறையும், அதால வாற செய்தியும் குறையும். இறுகின உடம்பை ஆராவது லேசா இடிச்சாலும் அது வளைஞ்சு குடுக்காது, மரம் மாதிரிச் சாயும்.

இது என்ர கைக்கணக்கு மட்டும் இல்லை. கப்ரியேலே வுல்ஃப் எண்ட ஆய்வாளரும் அவவோட சேர்ந்தவையும் 1998இல வெளியிட்ட பரிசோதனையில, ஆடுற பலகையில ஆக்களை நிக்கப் பழக்கினவை. ஒரு பகுதிக்கு "உங்கட பாதங்களை மட்டமா வச்சிருங்கோ" எண்டும், மற்றப் பகுதிக்கு "பலகையில இருக்கிற குறிகளை மட்டமா வச்சிருங்கோ" எண்டும் சொல்லியிருக்கினம். குறி பாதத்துக்கு முன்னாலயேதான் இருந்தது. ஆனா பிறகு சோதிக்கேக்க குறியைக் கவனிச்சவை கூடத் திறமா நிண்டவை. 2003இல வந்த இன்னொரு ஆய்வில, அந்தக் குறி உடம்பை விட்டுத் தள்ளி இருந்தா இன்னும் நல்லம் எண்டு கண்டவை. சும்மா நிலத்தில நிக்கிற இளம் ஆக்களிட்ட "உங்கட ஆட்டத்தைக் கவனிச்சு அதை நீங்களே குறையுங்கோ" எண்டு பிரான்சில கேட்டுப் பார்த்த ஆய்வு 2007இல வந்தது. ஆட்டம் குறையேல்லை, நிக்கிறதுக்குத் தசை செய்யிற வேலைதான் கூடினது.

அதோட பயத்தையும் சேர்த்துப் பாருங்கோ. சுகமான ஆக்களையே உயரமான மேடை விளிம்பில நிப்பாட்டி அளந்திருக்கினம். உடம்பு விறைச்சு, பின்னுக்குச் சாஞ்சு, சின்னச் சின்னதா வேகமா ஆடுது. அம்மாவுக்குக் காலி வீதி நடைபாதை விளிம்பு இப்ப அப்படி ஒரு மேடைதான்.

கோயிலில என்ன நடக்குது எண்டு இப்ப விளங்கும். வெறுங்கால், அதால பாதத்துக்கு நிலம் வடிவாத் தெரியுது. கண் பக்கத்தில இருக்கிற ஒரு சுடரில நிக்குது. பக்கத்தில இருக்கிற ஒண்டைப் பார்த்துக்கொண்டு நிக்கேக்க, தூரத்தில இருக்கிறதைப் பார்க்கிறதை விட ஆட்டம் குறையும். கையைக் கூப்பி வச்சிருக்கிறது கூட உடம்புக்கு ஒரு வேலை. எல்லாத்துக்கும் மேல, விழுவன் எண்ட நினைப்பு அந்த நேரம் அவவிட்ட இல்லை. நிக்கிற வேலையை உடம்பிட்டயே விட்டிட்டா.

சலங்கை டீச்சர் கேட்டது முக்கியமானது. உடம்பை உணருறதும் உடம்புக்கு உத்தரவு போடுறதும் ஒண்டில்லை. "இப்ப பாரம் எந்தக் காலில இருக்கு, குதியிலயா முன்பக்கமா?" எண்டு கேட்டு, விடையைச் சும்மா அறிஞ்சுகொண்டு விடுறது நல்ல பயிற்சி. அறிஞ்ச உடன அதைத் திருத்த வெளிக்கிடுறதுதான் பிழைக்குது. யோகா மிஸ் சொன்னதை நான் தள்ள மாட்டன், ஆனா அம்மா இப்ப இருக்கிற பயத்தில அவவுக்குப் பாதத்தை உணருறது உடனே பாதத்தைக் கட்டுப்படுத்திறதா மாறிடும். அதால அதை இருந்துகொண்டு செய்யட்டும். கதிரையில இருந்து, வெறுங்காலை நிலத்தில வச்சு, குதியையும் விரலடியையும் மாறி மாறி அழுத்தி உணரட்டும்.

நிக்கிறதுக்கு வேற ஒண்டு சொல்லுறன். அறை மூலையில, ரெண்டு பக்கமும் சுவர் இருக்க, முன்னால ஒரு பாரமான கதிரையின்ர முதுகை வச்சு அம்மாவை நிப்பாட்டுங்கோ. கையில ஒரு தட்டையான தட்டு, அதில ஒரு தேசிக்காய். தேசிக்காய் உருளாமல் வச்சிருக்கச் சொல்லுங்கோ. காலைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்க வேண்டாம். தண்ணிச் செம்பு வேண்டாம், சிந்தினாச் சறுக்கும். தட்டு இல்லாத நேரம், ஒரு விரல் நுனியைச் சுவரில மெல்லமாத் தொட விடுங்கோ. சாய வேண்டாம், தொட்டாக் காணும். 1994இல அமெரிக்காவில செய்த பரிசோதனையில, 100 கிராம் பாரத்துக்கும் குறைவாத் தொட்டாலே ஆட்டம் நல்லாக் குறைஞ்சது. அந்த அளவு அழுத்தம் ஒருத்தரையும் தாங்காது. விரல் நுனி மூளைக்கு அனுப்பிற செய்திதான் உதவுது. உங்கட கையை இறுக்கிப் பிடிக்கிறதுக்குப் பதிலா, பஸ் ஹோல்ற்றில உங்கட முழங்கையைத் தொட்டுக்கொண்டு நிக்கப் பழக்கலாம்.

ஒண்டு மறக்க வேண்டாம். கட்டிலில புரளேக்க தலை சுத்தினா, எழும்பின உடன கண் இருட்டினா, புது மருந்து தொடங்கின பிறகு ஆட்டம் கூடினா, திரும்ப டொக்டரிட்ட காட்ட வேணும். படுத்திருக்கேக்கயும் எழும்பி மூண்டு நிமிசத்துக்குள்ளயும் பிறசர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கோ. மேல் அளவு 20 இறங்கினாலே அதைக் கணக்கில எடுக்க வேணும். திடீரெண்டு ஒரு பக்கக் கை கால் சோர்ந்தா, வாய் கோணினா, பேச்சுக் குழறினா, இங்க கேட்டுக்கொண்டு இருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ.

தெகிவளைத் தம்பியின் பதில்:

பிசியோ அக்கா சொன்னது எங்கட வீட்டுக்கு நேர் எதிரா இருக்கு, அதால எழுதுறன். அப்பாவுக்குக் கன வருசமாச் சலரோகம். நடக்கேக்க செருப்பு கழண்டு போனாலும் அவருக்குத் தெரியாது, நாங்கள்தான் எடுத்துக் குடுக்கிறது. அவர் காலைப் பார்த்தால்தான் நிப்பார். பகலில ஒரு பிரச்சினையும் இல்லை, ராத்திரி கரண்ட் போனா நிண்ட இடத்திலயே தள்ளாடிடுவார். முகம் கழுவக் கண்ணை மூடினாக் காணும், சிங்கைப் பிடிச்சுக்கொள்ளுவார். அவரிட்ட "காலைப் பார்க்காதேங்கோ" எண்டு சொன்னா விழுந்திடுவாரே?

கொட்டாஞ்சேனை பிசியோ அக்காவின் பதில்:

தம்பி, உங்கட அப்பாவுக்கு அப்படிச் சொல்லவே கூடாது. நீங்க எழுதினது நல்லதாப் போச்சு, ஒரு வீட்டு மருந்தை மற்ற வீட்டில குடுக்க ஏலாது.

முகம் கழுவேக்க தள்ளாடுறதை மருத்துவம் கன காலத்துக்கு முதலே கவனிச்சிருக்கு. 19ஆம் நூற்றாண்டில பெர்லினில இருந்த ரோம்பேர்க் எண்ட டொக்டர், முண்ணாணின்ர பின்பக்க நரம்புகள் கெட்ட நோயாளிகள் கண்ணைத் திறந்துகொண்டு நிக்கினம், மூடின உடன ஆடி விழப் பார்க்கினம் எண்டு எழுதினவர். இண்டைக்கும் காலைச் சேர்த்து நிப்பாட்டிக் கண்ணை மூடச் சொல்லிப் பார்க்கிற சோதனைக்கு அவற்ற பேர்தான். உங்கட அப்பாவுக்குப் பாதத்தில இருந்து வாற செய்தி குறைஞ்சிருக்கலாம். அதைக் கண்தான் ஈடு செய்யுது. கிளினிக்கில பாதத்தில ஒரு நைலோன் இழையை அழுத்திப் பார்ப்பினம், 10 கிராம் அழுத்தத்தில வளையிற இழை. அது தெரியேல்லை எண்டு சொன்னாப் பாதத்தை நாளாந்தம் பார்க்கிறதும் தொடங்க வேணும், காயம் பட்டாலும் அவருக்குத் தெரியாது. நீங்களே வீட்டில கண்ணை மூடச் சொல்லிச் சோதிக்க வேண்டாம்.

இதின்ர கடைசி எல்லை எங்க எண்டு காட்டினவர் இங்கிலாந்துக்காரர் இயன் வோட்டர்மன். 1971இல, 19 வயதில, ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழ தொடுகை உணர்வும், கை கால் எங்க இருக்கு எண்ட உணர்வும் அவருக்கு இல்லாமல் போச்சு. தசைக்குப் பலம் இருந்தது. ஆனா எழும்பி இருக்கக்கூட ஏலாது. கண்ணால பார்த்து, ஒவ்வொரு அசைவையும் யோசிச்சு யோசிச்சு, திரும்ப நிக்கவும் நடக்கவும் பழகினவர். வெளிச்சம் போனால் விழுந்திடுவார். அவருக்கு நிக்கிறது எண்டால் முழு நேரக் கவனம். நினைக்க நினைக்க எனக்கு இண்டைக்கும் மெய் சிலிர்க்கும். வெள்ளவத்தை அம்மாவிட்ட இருக்கிற, அவ நம்பாமல் விட்ட ஒண்டை, அந்த மனிசன் இல்லாமலே வாழப் பழகினவர்.

உங்கட வீட்டுக்கு நான் சொல்லுறது: கட்டிலில இருந்து பாத்ரூம் வரைக்கும் ராத்திரி முழுக்க ஒரு சின்ன வெளிச்சம், கரண்ட் போனா எரியிற பற்றரி விளக்காப் பாருங்கோ. சிங்குக்குப் பக்கத்தில ஒரு கைபிடி, சுவரில திருகாணி போட்டு இறுக்கினது. முகத்தை இருந்துகொண்டு கழுவட்டும். பின்னுக்கு வார் உள்ள செருப்பு. காலைப் பார்க்கட்டும், தாராளமா.

வெள்ளவத்தை மகள்:

எல்லாருக்கும் நன்றி. பிசியோ அக்கா சொன்ன தேசிக்காயை அம்மாவிட்டக் குடுத்தன். முதல்ல "இதென்ன விளையாட்டு" எண்டு கேட்டவ, பிறகு தேசிக்காயை விடவே இல்லை. அவ தட்டைப் பார்த்துக்கொண்டு நிண்ட நேரம் நான் காலைப் பார்த்தனான். விரல் மடங்கேல்லை. அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது, அக்கா சொன்னதால சொல்லேல்லை.

மூலையை விட்டு வெளியில வந்தா இன்னும் பயம்தான், அது கெதியில போகாது எண்டு விளங்குது. மச்சான் மட்டும் கணக்கு விசயத்தை விடுறான் இல்லை. அம்மாவுக்கும் கணக்கெண்டா விருப்பம். பஸ்ஸுக்கு நிக்கேக்க கழிச்சுக்கொண்டு நிண்டா என்ன?

கொட்டாஞ்சேனை பிசியோ அக்காவின் பதில்:

பிள்ளை, சொல்லாமல் விட்டது நல்லது.

மச்சான் சொல்லுறதில கொஞ்சம் உண்மை இருக்கு. லேசான மன வேலை ஒண்டு குடுத்தா, இளம் ஆக்களுக்கு ஆட்டம் குறையிறதை அளந்து கண்டிருக்கினம். ஆனா வேலை பாரமாகப் பாரமாக அது மறுபக்கம் திரும்பும், வயது போனவைக்கு அந்தத் திருப்பம் முந்தி வரும். உடம்பு தானா நிக்குது எண்டாலும் கவனம் கொஞ்சமும் தேவையில்லை எண்டு அர்த்தம் இல்லை. ஒரு தள்ளு வந்தா, தரை சமமில்லை எண்டா, மூளை அந்த நேரம் ஒரு பங்கு கவனத்தைக் கேக்கும். அது ஏழாம் வாய்ப்பாட்டில இருந்தாப் பிந்திடும்.

1997இல சுவீடனில இருந்து லான்செற் சஞ்சிகையில ஒரு சின்னக் கட்டுரை வந்தது. பராமரிப்பு இல்லத்தில இருந்த 58 பேரோட நடந்துகொண்டே கதை குடுத்துப் பார்த்தவை. 12 பேர் பதில் சொல்லுறதுக்கு நடையை நிப்பாட்டினவை. அடுத்த ஆறு மாதத்துக்குள்ள அந்த 12 பேரில 10 பேர் விழுந்தவை. நடையும் கதையும் ஒரே பையில இருந்து செலவழியுது எண்டதுக்கு அதைவிட எளிமையான சோதனை எனக்குத் தெரியாது. புது ஆள் வந்தா நான் கிளினிக் வாசலில இருந்து கதிரை வரைக்கும் கதைச்சுக்கொண்டே கூட்டிக்கொண்டு போறது அதுக்குத்தான்.

அதால கணக்கு வீட்டில மட்டும். மூலையில, கதிரை முன்னால இருக்க, தேசிக்காய் நல்லாப் பழகின பிறகு, லேசான கணக்கு ஒண்டு. கழிக்கிற நேரம் தட்டு சரிஞ்சாக் கணக்கை விடுங்கோ. வெளியில வேண்டாம். பஸ் ஹோல்ற்றில அம்மாவுக்குக் குடுக்கிற வேலை, வாற பஸ்ஸின்ர இலக்கத்தை வாசிச்சு உங்களுக்குச் சொல்லுறது. தலை நிமிரும், கண் வெளியில போகும், மனப்பாரம் இல்லை. கூட்டமா இருந்தா விரல் உங்கட முழங்கையில. றோட்டைக் கடக்கேக்க ரெண்டு பேரும் கதைக்க வேண்டாம், போன் அடிச்சா ஓரமா நிண்டு எடுங்கோ. பஸ் வந்து ஏறுற நேரம் மட்டும் "படி" எண்டு ஒரு சொல் போதும், "கவனம் அம்மா, கவனம்" எண்டு சொல்லிக்கொண்டு நிக்க வேண்டாம்.

அடுத்த கிளினிக்குக்கு அந்தப் பயிற்சித் தாளையும் மருந்துத் துண்டையும் எடுத்துக்கொண்டு போங்கோ. "அசையாமல்" எண்ட சொல்லை வெட்டிட்டு என்ன எழுதலாம் எண்டு அங்க இருக்கிற பிசியோவிட்டக் கேளுங்கோ. அம்மா நிக்கிறதை அவை நேரில பார்த்தவை, நான் பார்க்கேல்லை.